செங்கோட்டை என்று போட்ட செய்தி

தென்காசியில் காந்திமதிநாத பிள்ளையை நிருபர் என்று சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. வக்கீல் சிவசைலத்தின் குமாஸ்தா என்றால் எல்லாருக்கும் தெரியும். காலை ஒன்பது மணிக்கு வக்கீல் ஆபீசில் நுழைந்தால் மாலை ஆறு வரைக்கும் பிராது, பதில், நகல், வாய்தா என்று அவருக்கு வேலை சரியாக இருக்கும். ஆறு மணிக்கு மேல்தான் அவர் நிருபர். 1931-ஆம் வருஷம் குற்றாலத்தில் சாரல் தொடங்கிய விவரத்தை ஒரு கார்டில் எழுதிச் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குப் போட்டார். அது அச்சில் வந்தது. அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம் அந்தப் பத்திரிகைக்குத் தென்காசி நிருபர் அவர்தான்.

இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் எழுதியதைப் படித்து யாரும் முகம் சுளித்ததுகூட இல்லை. அருவியில் தண்ணீர் எவ்வளவு விழுகிறது, எந்த ஜட்ஜ் எந்த பங்களாவில் வந்து தங்கியிருக்கிறார், தேர் எத்தனை மணிக்கு நிலைக்கு வந்து சேர்ந்தது, கலெக்டர் விஜயத்தில் யார் யார் மாலை போட்டார்கள் என்பதெல்லாம்தான் அவருடைய செய்திகள். மேலே "தென்காசி, ஜூன் 8" என்று ஊரும் தேதியும் இருக்கும். எழுதியவர் பெயர் இருக்காது. வெளியூர் நிருபர்களின் பெயரை அச்சில் போடும் வழக்கம் அந்தப் பத்திரிகையில் இல்லை. பிள்ளைக்கு அதில் மனக்குறை ஒன்றும் இருந்ததில்லை, தாணு வரும் வரைக்கும்.

தாணு செங்கோட்டைக்காரன். வயது இருபத்தெட்டு. மதுரைப் பத்திரிகை ஒன்று அவனை நிருபராக வைத்திருந்தது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜ்யம், தென்காசி சென்னை மாகாணம். தாணு ஒரு பழைய சைக்கிளில் எல்லையின் இரண்டு பக்கமும் சுற்றுவான். கோழி கேட்டு வாங்கும் சப்-இன்ஸ்பெக்டரைப் பற்றி எழுதினான். அதற்காக அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஒரு பகல் முழுக்க நிற்க வைத்தார்கள். சாயங்காலம் வெளியே வந்து, எத்தனை மணி நேரம் நின்றான் என்பதையும் சேர்த்து எழுதினான். பஸ் முதலாளி ஒருவரைப் பற்றி எழுதினான். அவர் சிவசைலத்தின் மூலம் மானநஷ்ட நோட்டீஸ் விட்டார். அந்த நோட்டீஸை நகல் எடுத்தது பிள்ளைதான். தம்முடைய அழகான கையெழுத்தில் 'மேற்படி தாணு என்பவர்' என்று எழுதும்போது, இத்தனை வருஷத்தில் தமக்கு ஒருவனும் ஒரு நோட்டீஸ் விட்டதில்லையே என்று அவருக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அது போகவில்லை.

காப்பிக் கடையில் தாணு நுழைந்தால் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். பிள்ளை நுழைந்தால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். அவர் மனைவி சண்முகசுந்தரிக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். பக்கத்து வீட்டிலிருந்து மதுரைப் பத்திரிகையை இரவல் வாங்கி வந்து படிப்பாள்.

"அந்தத் தாணு இன்னைக்கு என்ன எழுதியிருக்கான்னு பாத்தீங்களா?" என்பாள்.

"எங்க பேப்பர்ல குற்றாலம் வந்திருக்கு."

"பாத்தேன். தண்ணி விழுதுன்னு போட்டிருக்கு."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

1943-இல் ஊரில் அரிசிப் பஞ்சம் வந்தது. ரேஷன் கடை வாசலில் விடியும் முன்பே பெண்கள் வரிசையில் நின்றார்கள். பாதிப் பேர் வாங்குவதற்குள் அரிசி தீர்ந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். அங்கே அரிசிக்குச் சொன்னதுதான் விலை. பர்மிட் இல்லாமல் நெல்லோ அரிசியோ எல்லையைத் தாண்டக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டிருந்தது. ஆனாலும் அரிசி தாண்டுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. எப்படி என்றுதான் தெரியவில்லை. தாணு ஒரு மாதமாக அதைத் தேடி அலைகிறான் என்று காப்பிக் கடையில் சொன்னார்கள்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஒரு கட்சிக்காரரிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்கப் பிள்ளை இலத்தூர் போயிருந்தார். பகல் மூன்று மணிக்குத் திரும்பி வரும்போது, செங்கோட்டை ரோட்டில் ஒரு மாட்டு வண்டி சக்கரம் சேற்றில் புதைந்து சாய்ந்து நின்றது. மூட்டை ஒன்று கீழே விழுந்து வாய் பிரிந்திருந்தது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குனிந்து முந்தானையில் எதையோ அள்ளினார்கள். வண்டிக்காரன் சாட்டையை வைத்துக்கொண்டு விரட்டினான். அவன் இந்தப் பக்கம் விரட்டினால் அவர்கள் அந்தப் பக்கம் போய் அள்ளினார்கள்.

அதில் ஹைருன் பீவியும் இருந்தாள். தென்காசியில் பீடி சுற்றிப் பிழைப்பவள். ஒரு வழக்கு விஷயமாக வக்கீல் ஆபீசுக்கு வந்து போனதில் பிள்ளையைத் தெரியும்.

"என்னம்மா அது?" என்று கேட்டார்.

"தவிடுங்கான் வண்டிக்காரன், அண்ணாச்சி." அவள் ஒரு கை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "நீங்களே பாருங்க. எந்த ஊர்ல தவிடு இவ்வளவு வெள்ளையா இருக்கு? அஞ்சு நாளா வரிசையில நின்னு எங்களுக்கு ஒரு மணி அரிசி கிடைக்கலை. இங்கன ரோட்டுல கிடக்கு."

மேலே இரண்டு விரற்கடை அளவுக்குத் தவிடு. அதற்குக் கீழே சுத்தமான அரிசி. சாக்கில் ரத்தினம் முதலாளியின் ரைஸ் மில் முத்திரை இருந்தது. ரத்தினம் முதலாளி வக்கீல் சிவசைலத்தின் பெரிய கட்சிக்காரர். தவிடு கொண்டுபோக அவருக்குக் கிடைத்த பர்மிட்டின் நகல் ஆபீஸ் பீரோவில் இருந்தது. அதை எழுதி வைத்ததும் பிள்ளைதான்.

வேறொரு சமயமாக இருந்தால் அரிசியை உதறிவிட்டு நடந்திருப்பார். அன்று அவர் மனசில் முதலில் வந்தது முதலாளி அல்ல, தாணு. இன்னும் நாலு நாளில் இதை அவன் கண்டுபிடித்துவிடுவான். காப்பிக் கடையில் மறுபடி எல்லாரும் நகர்ந்து உட்காருவார்கள். சண்முகசுந்தரி மறுபடி பத்திரிகையை இரவல் வாங்கி வருவாள்.

அடுத்த மூன்று நாளும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் செங்கோட்டை ரோட்டில் போய் நின்றார். எத்தனை வண்டி போகிறது என்று பார்த்தார். ஆபீசுக்கு வந்து பர்மிட் நகலை எடுத்துப் பார்த்தார். அதிலிருந்த கணக்குப்படி, அந்த மில்லில் அந்த மாதம் அரைத்த நெல் முழுவதிலிருந்தும் அவ்வளவு தவிடு வர வழியே இல்லை. பர்மிட் நம்பரைக் குறித்துக்கொண்டார். நாலாம் நாள் காலையில் செய்தியை எழுதி முடித்தார். அதன் பிறகுதான் ரத்தினம் முதலாளி ஞாபகத்துக்கு வந்தார். தாலுகா முழுவதற்கும் சென்னைப் பத்திரிகைக்கு ஒரே ஒரு நிருபர்தான் உண்டு என்பதும், அது யார் என்பதும் முதலாளிக்குத் தெரியாவிட்டாலும் வக்கீலுக்குத் தெரியும். அதனால் கூடவே ஒரு சீட்டில் ஆசிரியருக்கு எழுதினார்: 'இதைத் தென்காசிச் செய்தியாகப் போட வேண்டாம். செங்கோட்டை என்று போடவும்.'

ஆசிரியர் அப்படியே போட்டார். 'செங்கோட்டை, செப். 4. தவிட்டு மூட்டைக்குள் அரிசி.' மூன்றாம் பக்கத்தில், பர்மிட் நம்பரோடு, அரைப் பத்திக்கும் மேல்.

பிள்ளை அதைச் சண்முகசுந்தரியிடம் நீட்டினார். அவள் நின்றபடியே முழுதும் படித்தாள்.

"யாரு எழுதினது?"

"நான்தான்."

"நீங்களா?" என்றாள். அந்தக் கேள்வி அவர் நெஞ்சில் கொஞ்ச நாள் கிடந்தது.

இரண்டு நாளில் சப்ளை அதிகாரி வந்து பதினோரு வண்டிகளை மடக்கினார். தவிட்டுப் பர்மிட் ரத்தானது. மடக்கிய அரிசி ரேஷன் கடைக்கு வந்தது. ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. பிள்ளை காப்பிக் கடைக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து காது கொடுத்தார்.

"தாணு எழுதிட்டான் பாத்தியாலே."

"இது மெட்ராஸ் பேப்பர்லலா வந்திருக்கு?"

"மதுரைக்காரன் போடப் பயந்திருப்பான். இவன் அங்க அனுப்பிட்டான். செங்கோட்டைன்னு போட்டிருக்கே, வேற யாரு இருக்கா அங்கன?"

பிள்ளை காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தார். மறைந்துகொள்ளத்தான் அவர் ஊர்ப் பெயரை மாற்றினார். அந்த மறைப்பில் இன்னொருவன் வந்து உட்காருவான் என்று நினைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில் தாணுவை அடித்துவிட்டார்கள். சீசன் முடிகிற நேரம், கூட்டம் எப்படி என்று பார்த்து எழுத அவன் குற்றாலம் போயிருந்தான். செண்பகாதேவி அருவிக்கு ஏறுகிற பாதையில் நாலு பேர் பின்னாலேயே போயிருக்கிறார்கள். அருவிச் சத்தத்தில் அவன் கத்தியது கீழே குளித்தவர்களுக்குக் கேட்கவில்லை. வலது கையைப் பாறையில் வைத்துக் கல்லால் அடித்திருந்தார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடும் பஸ் ஒன்றில் ஏற்றித் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளையிடம் இதைச் சொன்னது அந்த பஸ் கண்டக்டர்தான்.

கேட்டதும் பிள்ளை, தப்பினோம் என்றுதான் முதலில் நினைத்தார். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தாணுவைத் தனியாகப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார்.

வார்டு வாசலிலேயே கூட்டம். பள்ளிக்கூட வாத்தியார்கள், ஜவுளிக்கடைக்காரர், வாசகசாலைத் தலைவர், பையன்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆரஞ்சுப் பழங்கள் குவிந்திருந்தன. தாணுவின் வலது கை மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வாசலில் ஹைருன் பீவிகூட ஒரு தூக்குச்சட்டியோடு நின்றாள். கஞ்சி கொண்டுவந்திருந்தாள்.

யாரோ கேட்டார்கள். "அந்தத் தவிட்டுச் செய்தி நீங்க எழுதினதுதானே தம்பி?"

"ஆமா," என்றான் தாணு.

பிள்ளை கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். அவன் நல்ல கண்ணால் அவரைப் பார்த்தான். "அண்ணாச்சி வாங்க. உக்காருங்க," என்றான். உட்கார இடமில்லை. அவருக்காக யாரும் நகரவும் இல்லை. அவர் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வந்துவிட்டார்.

வரும் வழியெல்லாம் வயிறு எரிந்தது. அவர் மூன்று நாள் வெயிலில் நின்று எண்ணிய வண்டிகள். அவர் எடுத்த பர்மிட் நம்பர். ஒவ்வொரு வார்த்தையும் அவருடையது. 'ஆமா' என்ற ஒற்றைச் சொல்லில் அவன் எடுத்துக்கொண்டான். அவனுடைய கட்டுப்போட்ட கைமேலேகூடப் பிள்ளைக்கு ஆசையாக இருந்தது. அது தமக்கு வந்திருக்க வேண்டிய அடி என்று நினைத்தார். அந்த அடி வந்திருந்தால் தாம் தாங்கியிருப்போமா என்பதை மட்டும் நினைக்கவில்லை.

வாசகசாலையில் தாணுவுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. சென்னைப் பத்திரிகையின் நிருபர் என்ற முறையில் பிள்ளைக்கும் அழைப்பு வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். நாலு பேர் பேசினார்கள். 'இப்படி எழுத ஒரு நெஞ்சுரம் வேண்டும்' என்று வாத்தியார் ஒருவர் பேசியபோது பிள்ளையின் பென்சில் முனை ஒடிந்தது. வீட்டுக்கு வந்து பதினான்கு வரியில் செய்தி எழுதினார். கூட்டம் நடந்த இடம், தலைமை வகித்தவர், பேசியவர்கள், நன்றி கூறியவர் எல்லாம் அதில் இருந்தன. பாராட்டப்பட்டவர் பெயர் இல்லை. 'உள்ளூர் நிருபர் ஒருவர்' என்று எழுதியிருந்தார்.

அது அச்சில் வந்ததும் சண்முகசுந்தரி கேட்டாள். "அந்தப் பையன் பேரே இல்லையே?"

"இடம் போதலைன்னு எடுத்திருப்பாங்க."

அவள் அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அக்டோபர் முதல் வாரத்தில் இன்னொரு செய்தி வந்தது. மதுரைப் பத்திரிகை தாணுவை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. எங்கள் நிருபராக இருந்துகொண்டு இவ்வளவு பெரிய செய்தியைப் போட்டிப் பத்திரிகைக்குக் கொடுத்தது நம்பிக்கைத் துரோகம் என்று ஆசிரியர் எழுதிவிட்டாராம். அடிபட்டதற்கு வருந்துகிறோம் என்று கடைசியில் ஒரு வரியாம்.

இதைக் கேட்டபோது பிள்ளையின் மனசு லேசானது. பல நாளுக்குப் பிறகு ஆபீஸ் முடிந்து தெருவை நிமிர்ந்து பார்த்து நடந்தார். வழியில் இரண்டு முழம் பிச்சிப்பூ வாங்கினார்.

"என்ன விசேஷம்?" என்றாள் சண்முகசுந்தரி.

"சும்மாதான். தாணுவை மதுரைப் பேப்பர்ல நிறுத்திட்டாங்களாம், தெரியுமா?"

அவள் பூவைக் கையில் வைத்தபடி நின்றாள். "கையும் போச்சு, வேலையும் போச்சு. உங்க செய்திக்காக. உங்களுக்குப் பூ வாங்கத் தோணுதா?"

"அவன் ஏன் ஆமான்னு சொன்னான்? நான் சொல்லச் சொன்னேனா?"

"நீங்க ஏன் இல்லைன்னு சொல்லலை?"

அவள் பூவைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். தலையில் வைக்கவில்லை.

இரண்டு நாள் பிள்ளை காப்பிக் கடைப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, காலைப் பலகாரம் ஆனதும் உட்கார்ந்து மதுரை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பர் நாலாம் தேதிச் செய்தியை எழுதியது தாம்தான் என்றும், பயத்தினால் செங்கோட்டை என்று போடச் சொன்னதும் தாம்தான் என்றும், தாணு தம் பத்திரிகைக்கு எந்தத் துரோகமும் செய்யவில்லை என்றும் எழுதினார். செய்தியின் கார்பன் நகலையும் வைத்தார். தாணுவின் பிழைப்புக்காகத்தான் எழுதுகிறோம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் 'எழுதியது நானே' என்ற வரியை மட்டும் அவர் இரண்டு முறை எழுதியிருந்தார், தொடக்கத்தில் ஒரு தரமும் முடிவில் ஒரு தரமும்.

மதுரை ஆசிரியர் கடிதத்தைத் தம் தென்காசி ஏஜெண்டுக்கு அனுப்பி விசாரிக்கச் சொன்னார். ஏஜெண்டு காப்பிக் கடையில் வைத்து விசாரித்தார். ஒரே நாளில் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

ஊர் நம்பவில்லை.

"குமாஸ்தா பிள்ளையா? வயித்தெரிச்சல். அந்தப் பையனுக்கு மாலை போட்டாங்கள்லா, அது பொறுக்கலை."

"அடி விழும்போது எங்க இருந்தாராம்? இப்ப வாராரு."

தெருவில் இரண்டு பேர் அவரைப் பார்த்து வேண்டுமென்றே தொண்டையைச் செருமினார்கள். ரத்தினம் முதலாளி வக்கீல் ஆபீசுக்கு வந்தபோது, பிள்ளை அங்கே மேஜையில் இருக்கும்போதே சொல்லிச் சிரித்தார்.

"கேட்டேரா வக்கீலையா, உம்ம குமாஸ்தா எழுதினாராம்லா? அவரு அருவியில தண்ணி விழுதுன்னு எழுதுவாரு. எனக்குத் தெரியாதா?"

பிள்ளை தலை நிமிராமல் நகல் எடுத்துக்கொண்டிருந்தார். அடிப்பார்கள் என்று பயந்து ஊர்ப் பெயரை மாற்றியவர் அவர். இப்போது முதலாளி அவரைக் கோபமாக ஒரு பார்வை பார்த்தால்கூடப் போதும் என்றிருந்தது. முதலாளி அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வக்கீல் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையை எதிரே உட்காரச் சொன்னார்.

"வே காந்திமதி, அந்தப் பர்மிட் நம்பர் பேப்பர்ல வந்தப்பவே எனக்குச் சந்தேகம். அதோட நகல் என் பீரோவில இருந்துச்சு. தாணு ஆமான்னு சொன்னதால விட்டுட்டேன். வேற எங்கயாவது எடுத்திருப்பான்னு நினைச்சேன். இப்ப நீரே எழுதிக் கொடுத்திருக்கீரு."

"ஆமா ஐயா."

"அரிசி கடத்தினது தப்புதான். நான் அதுக்குப் பரிஞ்சு பேசலை. ஆனா என் ஆபீஸ் காகிதம் வெளிய போயிட்டா என்னை நம்பி எவன் வருவான்? நாளையிலேர்ந்து வர வேண்டாம். வெளிய நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீரா நின்னுக்கிட்டதாவே இருக்கட்டும்."

பதினாறு வருஷம் பார்த்த வேலை அந்தக் காலையோடு முடிந்தது. வக்கீல் நல்லெண்ணத்தில்தான் வெளியே சொல்லாமல் இருந்தார். அதனால், செய்தி எழுதியதற்காகப் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே தண்டனையும் யாருக்கும் தெரியாமல் போயிற்று. அவமானம் தாங்காமல் வேலையை விட்டுவிட்டார் என்று ஊர் பேசிக்கொண்டது.

அந்த வாரம் தாணு அவர் வீட்டுக்கு வந்தான். மதுரை ஆசிரியர் சென்னை ஆசிரியரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு அவனை மறுபடி வேலையில் எடுத்திருந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்துப் பிள்ளை நாற்காலியை எடுத்துப் போட்டார். தாணு உட்காரவில்லை. கட்டு அவிழ்த்த வலது கையை இடது கையால் தாங்கியபடி நின்றான். இரண்டு விரல்கள் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏன் அண்ணாச்சி எழுதினீங்க?"

"எதை?"

"மதுரைக்கு. யாரு உங்களைக் கேட்டா?"

"உன் வேலை போயிருச்சேன்னு…"

"வேலை இன்னொண்ணு கிடைச்சிருக்கும்." தாணுவின் குரல் உயரவில்லை. "அந்தச் செய்தி நீங்க எழுதினதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ரெண்டாவது வரியில 'மேற்படி மூட்டைகள்'னு இருந்துச்சு. வக்கீல் ஆபீஸ்ல இருக்குதவங்களைத் தவிர யாரு அப்படி எழுதுவா?"

சண்முகசுந்தரி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"தெரிஞ்சும் ஏன் ஆமான்னு சொன்னே?" என்றார் பிள்ளை.

"ஒரு மாசம் அந்த வண்டிக்குப் பின்னால அலைஞ்சேன். புளியரை வரைக்கும் சைக்கிள் மிதிச்சேன். எனக்குச் சிக்கலை. ஒருநாள் பேப்பரைத் திறந்தா முழுசா வந்து கிடக்கு. அன்னைக்கு எனக்கு இருந்த ஆத்திரம் உங்களுக்குத் தெரியாது. நாம எழுத வேண்டியதை இன்னொருத்தன் எழுதிட்டானேன்னு ராத்திரி முழுக்கப் புரண்டேன். மலையில வச்சு, 'நீதானேலே எழுதினது?'ன்னு கேட்டானுவ. இல்லைன்னு சொல்லியிருக்கலாம். நாலு அடியோட விட்டிருப்பானுவ. எனக்குச் சொல்ல வரலை. 'ஆமாலே, நான்தான்'னேன். சொன்ன பிறகு மனசு நல்லா இருந்துச்சு. அதுக்கு அப்புறந்தான் கையை உடைச்சானுவ." அவன் அந்த விரல்களைப் பார்த்தான். "விலை கொடுத்து வாங்கினேன் அண்ணாச்சி. எங்க ஆசிரியருக்கு எழுதி அதைத் திருப்பி வாங்கிட்டீங்க."

தாணு வாசல் வரை போய்த் திரும்பி நின்றான்.

"செங்கோட்டைன்னு போடச் சொன்னது பயத்துலதானே?"

"ஆமா."

"என்னை அடிப்பாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது. யோசிக்கலை." பிறகு, "யோசிச்சிருந்தாலும் போட்டிருப்பேனோ என்னமோ," என்றார்.

தாணு அதற்குக் கோபப்படவில்லை. சண்முகசுந்தரி தம்ளரில் காப்பி கொண்டுவந்து அவன் இடது கையில் கொடுத்தாள். நின்றபடியே குடித்தான். "எழுத்து நல்லா இருந்துச்சு. அந்த 'மேற்படி'யைத் தவிர," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஒரு வார்த்தைக்காகப் பிள்ளை பன்னிரண்டு வருஷம் காத்திருந்தார். அது தாணுவின் வாயிலிருந்து வந்ததால் அவரால் அதை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளை தாலுகா ஆபீஸ் எதிரே ஒரு பெட்டிக்கடை ஓரத்தில் மேஜை போட்டு மனு எழுதினார். கையெழுத்து நன்றாக இருந்ததால் ஆட்கள் வந்தார்கள். 1944-இல் யுத்தத்தால் காகிதத் தட்டுப்பாடு வந்து, சென்னைப் பத்திரிகை நாலு பக்கமாகச் சுருங்கியது. வெளியூர் நிருபர்கள் இனி செய்தி அனுப்ப வேண்டியதில்லை என்று அச்சடித்த கார்டு ஒன்று வந்தது. பதின்மூன்று வருஷச் சேவைக்கு நன்றி என்று அதில் இருந்தது. அவர் பெயரை மையால் எழுதிச் சேர்த்திருந்தார்கள், ஓர் எழுத்துப் பிழையோடு.

தாணுவுக்கு வலது கையால் விரைவாக எழுத முடியவில்லை. ஊர் ஊராகச் சுற்றுவதைவிட ஆபீசில் உட்கார்ந்து மற்றவர்கள் அனுப்புவதைத் திருத்தட்டும் என்று மதுரைப் பத்திரிகை அவனை அங்கேயே உதவி ஆசிரியராக எடுத்துக்கொண்டது. அவன் ரயிலேறிய அன்று ஸ்டேஷனுக்கு நிறையப் பேர் போனார்கள். பிள்ளை போகவில்லை. நிருபராகப் பதின்மூன்று வருஷம் இருந்தவர் தாம். தமக்கு ஒரு நாற்காலி கிடைக்கவில்லை, இவனுக்குக் கிடைத்துவிட்டது என்று சண்முகசுந்தரியிடம் நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு நீங்களும் கையைக் கொடுத்திருக்கணும்," என்றாள் அவள். அதோடு அந்தப் பேச்சை நிறுத்தினார்.

ஒரு மாதம் கழித்துத் தாணுவிடமிருந்து கடிதம் வந்தது. இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. தென்காசிக்கு நிருபர் தேவை, அண்ணாச்சியின் பெயரைச் சொல்லியிருக்கிறேன், சம்மதம் என்றால் எழுதவும் என்று இருந்தது.

"நான் எழுதுததை அவன் திருத்துவானாம்," என்றார் பிள்ளை.

"திருத்தட்டும்."

"என் வாக்கியத்துல அவன் கைவைக்கதா?"

"அப்ப எழுதாதீங்க. மனுவே எழுதிக்கிட்டு இருங்க. அதை யாரும் திருத்தமாட்டாங்க."

எட்டு நாள் அந்தக் கடிதத்தை மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தார். ஒன்பதாம் நாள், சம்மதம் என்று ஒரு கார்டு போட்டார்.

முதல் செய்தி சுந்தரபாண்டியபுரத்தில் கிணறு வெட்டும்போது மண் சரிந்து இரண்டு பேர் இறந்தது. பிள்ளை அங்கே நேரில் போய், இறந்தவர்களின் வீட்டில் விசாரித்து, கான்ட்ராக்டர் சாரம் கட்டாமல் ஆளை இறக்கியதையும் சேர்த்துப் பதினெட்டு வரி எழுதினார். மேலே 'தென்காசி' என்று எழுதினார். மூன்றாம் நாள் பத்திரிகை வந்தது. எண்ணினார். பதின்மூன்று வரிதான் இருந்தது. கான்ட்ராக்டரைப் பற்றிய விஷயம் கடைசியிலிருந்து முதல் வரிக்கு வந்திருந்தது. இரண்டு 'மேற்படி' போயிருந்தன.

மேஜையில் விரித்து வைத்து, தம்முடைய நகலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிவரியாக ஒத்துப் பார்த்தார். அவன் எடுத்தது ஒவ்வொன்றும் எடுக்க வேண்டியதாகவே இருந்தது. மனு எழுத வந்த ஒரு கிழவர் கால் மணி நேரம் எதிரே நின்றார். பிள்ளை அவரைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் சண்முகசுந்தரி பத்திரிகையை வாங்கிப் படித்தாள். இப்போது அதை இரவல் வாங்க வேண்டியதில்லை, நிருபருக்கு ஒரு பிரதி தபாலில் வந்துவிடும்.

"நல்லா இருக்கே," என்றாள்.

"அவன் அஞ்சு வரி வெட்டிட்டான்," என்றார் பிள்ளை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஏன் அது தோணலை?" என்று கேட்டார். அவள் சாப்பாடு எடுத்துவைக்கப் போய்விட்டாள்.